மாடத்துச் சொட்டு மருந்து: அரியூர் நாட்டு மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கொல்லிமலை அரியூர் நாட்டில், வளவுகள்தோறும் சுய உதவிக் குழுக்களை நடத்திவரும் சகோதரிகளுக்கு,

சேமிப்பும் கடனும் தவணையும் பேசப்படும் உங்கள் கூட்டங்களில், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தைப் பற்றிப் பேசுவதற்கும் ஒரு நாள் அரைமணி நேரம் ஒதுக்கித்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். பஞ்சாயத்தாருக்கு எழுதாமல், ஊர்ப் பெரியவர்களுக்கு எழுதாமல், உங்களுக்கு ஏன் எழுதவேண்டும் என்று நீங்கள் வினவலாம். குழந்தையின் கண் சிவந்தாலும், மாமனாரின் கண்ணில் நீர் வடிந்தாலும், மிளகு பறிக்கப்போன கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாலும், இமையை விலக்கி உள்ளே பார்ப்பவரும், மருந்து விடுபவரும், விட்டது போக மிஞ்சியதைப் பத்திரமாக எடுத்து வைப்பவரும் பெரும்பாலும் நீங்களே. அந்தப் பத்திரப்படுத்தும் வழக்கத்தில்தான் நான் சொல்ல வந்த அபாயத்தின் பாதி அடங்கியிருக்கிறது.

சுவர் மாடத்திலோ, தொலைக்காட்சிப் பெட்டியின் மேலோ, அலமாரியில் ரேஷன் அட்டைக்குப் பக்கத்திலோ, பாதி தீர்ந்த சிறு பிளாஸ்டிக் புட்டி ஒன்று இல்லாத வீடு இந்நாளில் அரிது. அது அங்கே வந்து சேர்வதற்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. 5 மில்லிலிட்டர் புட்டியில் ஏறத்தாழ 100 சொட்டுகள் இருக்கும். ஒரு கண்ணுக்கு நாளொன்றுக்கு நான்கு வேளையாக ஒரு வாரம் விட்டால் செலவாவது 28 சொட்டுகள்தாம். நோய் தீர்ந்துவிடுகிறது; மருந்து தீரவில்லை. காசு கொடுத்து வாங்கியதை, அதுவும் மலையிறங்கிப் போய் வாங்கி வந்ததை, மண்ணில் கொட்ட எவருக்கு மனம் வரும்? ஆகவே அது மாடத்தில் ஏறி உட்கார்ந்து, அடுத்த கண் சிவப்பதற்காகக் காத்திருக்கிறது. அந்த அடுத்த கண் அதே வீட்டினுடையதாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை, பக்கத்து வளவில் இருக்கும் தங்கை மகனுடையதாகவும் இருக்கலாம்.

உங்கள் மலையின் தொழில்கள் கண்ணுக்குச் சிரமம் தருபவை. சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணியின் மேல் நின்று மிளகுக் கொத்தைத் தேடுகிறவர் முகத்தில் இலையும் குச்சியும் அடிக்கின்றன. காப்பிச் செடிகளின் நடுவே குனிந்து நிமிர்கையில் கிளை நுனி கண்ணைக் கீறுகிறது. நெல்லோ சாமையோ தூற்றும்போது பதர் காற்றோடு வந்து விழுகிறது. கருவிழியின் மேல்தோல் மிக மெல்லியது. நகத்தளவு கீறல்கூட அதற்குத் திறந்த வாசலாகிவிடும். இலையிலும் மண்ணிலும் பதரிலும் இயல்பாகவே வாழும் பூஞ்சைக் காளான்களின் நுண்விதைகள் அந்த வாசல் வழியாக உள்ளே சென்று வேர்விடுமானால், முதல் சில தினங்களுக்குச் சிவப்பும் உறுத்தலும் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. பிறகுதான் கருவிழியில் சாம்பல் நிறமாகவோ வெண்மையாகவோ ஒரு புள்ளி தோன்றும். அதனை அலட்சியம் செய்து, புண் ஆறித் தழும்பாகி நின்றபின் ‘பூ விழுந்த கண்’ என்று பெயர் சொல்லி விதியை நொந்துகொள்வதே நம் நாட்டுப்புறங்களில் நெடுநாளாக நடந்துவருவது.

இந்தச் சந்தர்ப்பத்தில் வீடுகளில் நடப்பவற்றை நான் அறிவேன். கண்ணில் விழுந்த தூசியை நாக்கு நுனியால் எடுப்பார்கள், தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் இடுவார்கள், நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிவார்கள். சித்தர்கள் வாழ்ந்த குகைகள் என்று பல இடங்களைக் காட்டும் மலையிலே வாழ்பவர்களிடம் பச்சிலையை ஏளனம் செய்து பேச நான் வரவில்லை. சித்த வைத்திய நூல்கள் கண்ணோய்களை 96 வகையாக எண்ணின என்பதை மட்டும் ஞாபகப்படுத்த விரும்புகிறேன். சிவந்த கண்களெல்லாம் ஒன்றல்ல என்பதை அந்த வைத்தியர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். நவீன மருந்தைக் கையில் வைத்திருக்கும் நாமோ எல்லாச் சிவப்புக்கும் ஒரே புட்டியைத் திறக்கிறோம். கண்ணுக்கென்று சுத்தி செய்யப்படாத எந்தச் சாற்றையும், எந்த எச்சிலையும், காயம்பட்ட கருவிழியில் விடலாகாது. ஆயினும் இம்மடலில் நான் அதிகமாக அஞ்சுவது நந்தியாவட்டையை அன்று, மாடத்துப் புட்டியையே.

அப்புட்டியில் இருப்பது என்ன? மருந்துக் கடைகளில் கண் சிவப்புக்கென்று கேட்டால் கிடைப்பவற்றுள் பல, கிருமிகொல்லி மருந்து ஒன்றையும் ஸ்டீராய்டு ஒன்றையும் சேர்த்துச் செய்த கலவைகள். பெயர்ச்சீட்டைக் கூர்ந்து பார்த்தால் டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டெப்ரெட்னால் என்று ஏதேனும் ஒரு பெயர் பொடியெழுத்தில் இருக்கும். இவை யாவும் ஸ்டீராய்டுகளே. கண் சிவப்பது, வீங்குவது, நீர் வடிவது, வலிப்பது ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து அழற்சி என்கிறோம். அது நோயின் வேலை மட்டுமன்று, உடம்பின் வேலையும்கூட. பகை நுழைந்த இடத்துக்கு இரத்தக் குழாய்கள் விரிந்து, வெள்ளணுக்கள் திரண்டு வந்து போரிடும்போது உண்டாகும் கொந்தளிப்பே அது. ஸ்டீராய்டு மருந்து அந்தக் கொந்தளிப்பை அடக்குகிறது. பகையை ஒன்றும் செய்வதில்லை. நள்ளிரவில் குரைத்துக்கொண்டிருக்கும் காவல் நாயின் வாயைக் கட்டிவிட்டு, ‘சத்தம் நின்றுவிட்டது, திருடன் போய்விட்டான்’ என்று நிம்மதியாகத் தூங்கப்போகும் தோட்டக்காரரின் நிலையே, கலவை மருந்தை விட்டு மறுநாள் காலையில் கண் வெளுத்திருப்பதைக் கண்டு சந்தோஷப்படுகிறவரின் நிலையும்.

இந்த மருந்தின் சரித்திரம் ஆச்சரியமானது. கார்ட்டிசோன் என்னும் பொருள் முடக்குவாத நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நடக்கவைத்ததைக் கண்டு உலகமே வியந்தது. அதன் ஆராய்ச்சிக்காக ஹெஞ்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950ஆம் ஆண்டில் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. கண் மருத்துவர்களும் அதனை ஆவலோடு எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தசாப்தம் முடிவதற்குள்ளாகவே, ஹெர்பிஸ் என்னும் வைரஸால் வரும் கருவிழிப் புண்ணும் காளான் புண்ணும் இம்மருந்தினால் கொடூரமாகின்றன என்றும், சிலருக்குக் கண்ணின் உள் அழுத்தம் உயர்ந்து பார்வை பறிபோகிறது என்றும் அவர்களே எச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள். எழுபது ஆண்டுகள் ஆகியும் அந்த எச்சரிக்கை மருந்தோடு கூடவே மலையேறி வரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

தமிழ்நாட்டு உழவர்களின் கண்களைப் பற்றி நாம் அறிந்துள்ளவற்றுள் பெரும்பகுதி மதுரையிலிருந்து வந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை டாக்டர் எம். சீனிவாசன் அவர்களும் அவருடன் பணிபுரிந்தவர்களும் முறையாக ஆராய்ந்தார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினருக்குச் சற்றுக் குறைவானவர்கள் கண்ணில் அடிபட்டபின் வந்தவர்கள். புண்ணிலிருந்து சுரண்டியெடுத்து வளர்த்துப் பார்த்ததில் கிருமி வளர்ந்தவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பாக்டீரியா, மற்றப் பாதிப்பேருக்குக் காளான். இதன் பொருளைச் சற்று நின்று யோசியுங்கள்: நம் நாட்டில் கருவிழிப் புண்ணோடு வரும் ஒருவருக்குக் காளான் இருப்பதற்கும் இல்லாமலிருப்பதற்கும் வாய்ப்பு ஏறத்தாழச் சமம், அதனைக் கண்ணால் பார்த்து மாத்திரம் நிச்சயிப்பது நிபுணருக்கே கடினம், கடைக்காரருக்கும் நமக்கும் அசாத்தியம். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாகிறது என்று வேறோர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பகுதியில் கண்ட கணக்கைவிட இது பத்து மடங்கு. பயிரோடும் பதரோடும் புழங்குபவர்கள் செலுத்தும் வரி என்று இதனைச் சொல்லலாம்.

காளான் புண்ணில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு விழுமானால், முதலிரண்டு நாள் வலி குறைந்தாற்போல் தோன்றும். வெள்ளணுக்கள் ஒதுங்கிப்போன கருவிழியில் காளானின் இழைகள் தடையின்றி ஆழத்துக்கு இறங்கும்; ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ கருவிழி பொத்தலாகி, கண்ணையே எடுக்க நேரிடலாம். காளானுக்கு மருந்து வேறு. நாட்டாமைசின் என்று பெயர். நன்றாகக் குலுக்கி, ஆரம்பத்தில் மணிக்கு ஒரு முறையாக, வாரக்கணக்கில் விடவேண்டியது. புதிதாக வந்த வோரிகோனசோல் என்னும் மருந்தோடு இதனை ஒப்பிட்டு, அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடத்தில் நடத்திய சோதனையில், விலை குறைந்த பழைய நாட்டாமைசினே மேலானது என்ற முடிவு 2013இல் வெளிவந்தது. பாக்டீரியாப் புண்ணிலேகூட, நிபுணர்கள் நெருங்கிக் கண்காணிக்க, 500 நோயாளிகளைக்கொண்டு நடத்திய மற்றொரு சோதனையில், கிருமிகொல்லியோடு ஸ்டீராய்டைச் சேர்த்ததனால் மூன்று மாதத்தின் முடிவில் மொத்தத்தில் பார்வை மேம்பட்டதாகக் காணவில்லை. அத்தனை கண்காணிப்பிலும் கிடைக்காத லாபம் மாடத்துப் புட்டியிலிருந்து எங்ஙனம் கிடைக்கும்?

கண்ணில் கீறல் பட்ட அன்றே என்ன செய்வது என்பதற்கு நேபாளத்திலிருந்து ஒரு செய்தி உண்டு. பக்தபூர் வட்டாரத்துக் கிராமங்களில், கருவிழி உராய்ந்தவர்களுக்குச் சுகாதார ஊழியர்கள் குளோராம்பெனிகால் களிம்பு இட்டுவந்தார்கள். காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. ஒரு நாளுக்கு மேல் தாமதித்து வந்தவர்களில் பலருக்கு உண்டாயிற்று. இந்த முடிவு 2001இல் வெளியானது. பிற்காலத்தில் அதே நாட்டில் நடந்த மிகப் பெரிய ஆய்வில் இத்தனை தெளிவான பலன் புலப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆகையால் களிம்பை நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. தாமதத்தை நம்பாதீர்கள் என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது. இலையோ முள்ளோ பதரோ பட்ட கண் மறுநாளும் உறுத்துமானால், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செம்மேட்டு அரசு மருத்துவமனைக்கோ போய்விடுவது நல்லது. அங்கிருந்து மேலே அனுப்பினால் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சேலத்தில் அரசு மருத்துவமனையும் அரவிந்த் மருத்துவமனையும் இருக்கின்றன. காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் நினைத்தாலே தலை சுற்றுகிறது என்பது உண்மைதான். மிளகுப் பருவத்தில் ஒரு நாள் கூலியை இழப்பதும் சாமானியமான விஷயமன்று.

இதுவரை ஸ்டீராய்டை நிந்தித்தே வந்தேன். அதனைக் கேட்டு, மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டையும் பயந்து ஒருவர் நிறுத்திவிடுவாரானால், இம்மடல் நன்மைக்குப் பதில் தீமையைச் செய்ததாகும். ஏனெனில் கண்ணின் உள்ளே, கருவிழிக்குப் பின்னால் உள்ள படலத்தில் அழற்சி தோன்றும் நோய் ஒன்று உண்டு. அதில் கொந்தளிப்பே குற்றவாளி. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசும்; கருவிழியைச் சுற்றிச் சிவக்கும்; ஆழமான வலி இருக்கும்; பீளை இராது. காசநோயிலிருந்தும் வரலாம், மூட்டுவாத சம்பந்தமாகவும் வரலாம், எலிக்காய்ச்சலுக்குப் பிறகும் வரலாம். 1993ஆம் ஆண்டில் மதுரையில் வெள்ளம் புகுந்தபின் எலிக்காய்ச்சல் பரவிற்று; அடுத்த மாதங்களில் கண்ணின் உள்ளழற்சியோடு வந்தவர்களை டாக்டர் எஸ். ஆர். ரதினம் அவர்களும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்து, அதற்கும் அந்தக் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டினார்கள். எலி மூத்திரம் கலந்த சேற்று நீரிலே கால் வைத்து நடவு நடுபவர்களுக்கு, காய்ச்சல் வந்து போன சில மாதங்களுக்குப் பின் கண் சிவந்தால், அந்தக் காய்ச்சலைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இந்நோய்க்குப் பிரெட்னிசோலோன் சொட்டுதான் முதன்மையான மருந்து. அடியில் மாவு போல் படியக்கூடியது. ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கித்தான் விடவேண்டும். குலுக்காமல் விட்டால் மேலே நிற்கும் நீர்தான் கண்ணுக்குப் போகும், மருந்து புட்டியிலேயே தங்கும். தொடக்கத்தில் மணிக்கு ஒரு முறைகூட விடச் சொல்லிவிட்டு, பிறகு ஆறு, நான்கு, மூன்று, இரண்டு என்று வாரந்தோறும் குறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். இந்தக் குறைப்பு முறைதான் மருந்தின் உயிர்நிலை. சிவப்புப் போனதும் ஒரே நாளில் நிறுத்திவிட்டால் அழற்சி இரட்டிப்பாகத் திரும்பி வரலாம். சுகமாக இருக்கிறதே என்று அதே அளவில் தொடர்ந்தால் வேறு கேடு. கூடவே பாவையை விரிக்கும் ஒரு மருந்தும் தருவார்கள், ஹோமட்ரோபின் என்றோ அட்ரோபின் என்றோ. பாவையின் விளிம்பு உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் காக்கவும் வலியைத் தணிக்கவும் அது வேண்டும். அதை விட்டபின் கிட்டத்துப் பார்வை மங்கும், வெயில் கூசும். அந்த நிலையில் ஏணியில் ஏறுவதும் வண்டி ஓட்டுவதும் ஆகாது. மருந்தினால் கண் கெட்டுவிட்டது என்று அஞ்சி நிறுத்தவும் வேண்டாம். விட்டு நிறுத்திய பிறகு தானே தெளியும்.

வேறு கேடு என்றேனே, அது கண்ணின் உள் அழுத்தத்தைப் பற்றியது. ஸ்டீராய்டு சொட்டை வாரக்கணக்கில் விடுபவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு உயர்கிறது. நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு மிக அதிகமாக உயர்கிறது. வலி கிடையாது, சிவப்புக் கிடையாது. ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, நடுவில் மங்கும்போதுதான் ஆள் உணர்கிறார். அப்படிப் போன பார்வையை உலகத்தின் எந்த வைத்தியமும் திருப்பித் தராது. ஸ்டீராய்டினால் வரும் கண்புரையையாவது அறுவை செய்து நீக்கலாம். இதை நீக்க வழியில்லை.

இந்த இடத்தில் குழந்தைகளைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயது வரையில் உள்ள பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு, ஆண்டுதோறும் வெயில் காலத்தில் கண் அரிப்பு வந்து, நூல் போன்ற பீளையோடு கசக்கிக்கொண்டே திரிவார்கள். இது ஒவ்வாமையினால் வருவது. வளர வளரப் பெரும்பாலும் தானே அடங்கும். ஒரு சமயம் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு சொட்டில் அரிப்பு மாயமாய் மறைவதைக் கண்ட தாய், அதன் பிறகு மருத்துவரிடம் போகாமல் காலிப் புட்டியை மட்டும் கடைக்குக் கொடுத்தனுப்பி, பள்ளிக்கூடம் முடிக்கும் வரைக்கும் அதனையே விட்டுவருவதை, கண் பரிசோதனை முகாம்களில் வேலை பார்த்த காலத்தில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அன்பினால் செய்ததுதான். தானே அடங்கியிருக்கக்கூடிய அரிப்புக்காகப் பிள்ளையின் பார்வை போய்விட்டது என்று அந்தத் தாயிடம் சொல்ல நேரும்போது நாக்கு எழுவதில்லை. இப்பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு இல்லாத ஒவ்வாமைச் சொட்டுகள் இருக்கின்றன. குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணி ஒத்தடமே பாதி அரிப்பை அடக்கும். ஸ்டீராய்டு அவசியமானால் சில நாளைக்கு விட்டு, கண் அழுத்தம் பார்த்து நிறுத்துவார்கள். ஸ்டீராய்டு சொட்டுகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவை. மருந்துச் சட்டத்தின் ‘எச்’ அட்டவணையில் வருபவை. சட்டம் இருக்கிறது என்பதனால் கடையில் கிடைக்காது என்று எண்ணிவிடாதீர்கள். எந்த ஊர்க் கடையையும் குறித்து நான் இதைச் சொல்லவில்லை.

மருந்து விடும் முறையைப் பற்றி எழுதுவது, சோறு உண்ணும் முறையைக் கற்பிப்பது போல் உங்களுக்குத் தோன்றக்கூடும். ஆயினும் பத்துப் பேர் மருந்து விடுவதைப் பார்த்தால் எட்டுப் பேருடையது கன்னத்தில்தான் வழிகிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். நோயாளியைப் படுக்கவைத்தோ தலையை அண்ணாந்து வைத்தோ, கீழிமையை மெல்லக் கீழே இழுத்தால் அங்கே ஒரு சிறு குழி தெரியும். சொட்டு விழவேண்டிய இடம் அது, கருவிழியின் நடு அன்று. ஒரு சொட்டு போதும். அந்தக் குழி கொள்ளும் அளவைவிட ஒரு சொட்டே பெரியது. இரண்டாவது சொட்டு முதல் சொட்டையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். விட்டபின் கண்ணைக் கசக்காமல், சிமிட்டாமல் மூடி, மூக்கை ஒட்டிய மூலையில் விரல் நுனியால் இரண்டு நிமிஷம் மெதுவாக அழுத்திக்கொள்ளவேண்டும். அங்கே இருக்கும் துவாரம் வழியாகத்தான் மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கி இரத்தத்தில் கலக்கிறது. தொண்டை கசக்கிறதென்று சொல்லுகிறார்களே, அதன் காரணம் இதுவே. பாவையை விரிக்கும் மருந்து இவ்வாறு உள்ளே போனால் சிறு குழந்தைக்குக் காய்ச்சலும் முகச் சிவப்பும் பிதற்றலும்கூட வரலாம். இரண்டு மருந்துகள் இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷமாவது இடைவெளி வேண்டும். களிம்பு எப்போதும் கடைசியில்.

புட்டியின் மூக்கு இமையையோ, மயிரையோ, விரலையோ தொடலாகாது. தொட்ட கணமே அதனுள் கிருமி குடியேறும். புட்டியில் போடும் கிருமித் தடுப்புப் பொருள் ஓரளவுக்கு மேல் தாங்காது. 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு கோர சம்பவம் நிகழ்ந்தது. கண் உலர்வுக்கு விடும் வெறும் செயற்கைக் கண்ணீரில் எந்த மருந்துக்கும் எளிதில் மசியாத சூடோமோனாஸ் கிருமி கலந்து, 18 மாநிலங்களில் 81 பேரைப் பீடித்து, 14 பேர் பார்வை இழந்தார்கள், நால்வருக்குக் கண்ணையே அகற்ற நேர்ந்தது, நான்கு பேர் மாண்டார்கள். அந்தப் புட்டிகள் தயாரானது வேறெங்குமில்லை, சென்னையை அடுத்த ஒரு தொழிற்சாலையில். அங்கே குற்றம் நிகழ்ந்தது எவ்விடத்தில் என்ற வாதம் ஒருபுறமிருக்க, நாலு பேர் கண்ணுக்கு மாறி மாறி விட்ட நம் வீட்டுப் புட்டியைச் சோதிக்க எந்த அமெரிக்க அதிகாரியும் மலையேறி வரப்போவதில்லை என்பதை நாம் உணர்ந்தால் சரி. புட்டியைத் திறந்த அன்றைக்கே அதன்மேல் தேதியை எழுதி ஒட்டி, நான்கு வாரம் ஆனதும், மிச்சம் எவ்வளவு இருந்தாலும், எறிந்துவிடுங்கள். அட்டையில் அச்சிட்ட காலாவதித் தேதி திறக்காத புட்டிக்கு உரியது. சில மருந்துகளைக் குளிர்ச்சியில் வைக்கவேண்டும் என்று போட்டிருக்கும்; உங்கள் மலைக்குளிர் ஓரளவு உதவி செய்யும், ஆனால் அடுப்பங்கரை மாடமும் வேன் கண்ணாடிக்கு அடியும் உதவா.

‘மெட்ராஸ் ஐ’ என்று ஊரெல்லாம் பரவுகிறதே, அதற்கு இவ்வளவு சங்கடம் இல்லை. 1819இல் தோன்றிய, இப்போது எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை இருக்கும் நகரத்தின் பெயரையே அந்நோய் தாங்கிக்கொண்டது. பெரும்பாலும் வைரஸினால் வருவது. ஒரு வாரம் பத்து நாளில் தானே தணியும். துண்டையும் தலையணையையும் தனியாக வைத்து, பீளையைக் காய்ச்சி ஆறிய நீரில் துடைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்தால் போதுமானது. அதற்கும் ஸ்டீராய்டு கலவையை விடுவது வீண். வலி மிகுந்தாலும், வெளிச்சம் கூசினாலும், பார்வை மங்கினாலும், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும் அதை மெட்ராஸ் ஐ என்று எண்ணி இருந்துவிடாமல், உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கும் சிசுவின் கண்ணில் பீளை கண்டால் பொழுது விடியும் வரைகூடக் காத்திருக்கலாகாது.

உங்கள் குழுக்களிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவரவர் வீட்டில் இருக்கும் கண் சொட்டுப் புட்டிகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். கிராம சுகாதார செவிலியரையும் அன்று அழைத்து, படிக்கத் தெரிந்த இளம்பெண்கள் இருவர் பெயர்ச்சீட்டுகளை உரக்கப் படிக்கட்டும். ஸ்டீராய்டு இருப்பவை, காலாவதியானவை, பெயரே அழிந்துபோனவை என்று பிரித்து வையுங்கள். மருத்துவர் சொற்படி இப்போது விட்டுக்கொண்டிருப்பவற்றை மட்டும் உரியவர் கையில் திருப்பிக் கொடுத்து, மற்றவற்றைச் செவிலியரிடம் ஒப்படைத்துவிடலாம். யாரையும் குறைகூற வேண்டாம். எல்லோர் வீட்டிலும் இருந்ததுதான். யாருக்கேனும் மருத்துவர் நீண்டநாள் சொட்டு எழுதிக் கொடுத்திருந்தால், எத்தனை வேளை, எந்த வாரத்தில் எத்தனையாகக் குறைப்பது என்பதை ஒரு தாளில் எழுதி, விடும்போதெல்லாம் கோடு போடும்படி பழக்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாருக்குப் பேத்தி அதைச் செய்யட்டும். கண் அழுத்தம் பார்த்தாயிற்றா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

அவசரத்துக்கு மலையிறங்க நேரும் குடும்பத்துக்குக் குழுச் சேமிப்பிலிருந்து வண்டிச் செலவுக்கு ஒரு சிறு தொகை முன்பணமாகத் தர முடியுமா என்பதையும் ஆலோசியுங்கள். அப்படிப் போகிறவர்கள் கண்ணில் ஏற்கெனவே விட்ட புட்டிகளை, காலியானவற்றையும் சேர்த்து, கையோடு கொண்டுபோகவேண்டும். பச்சிலை விட்டிருந்தால் அதையும் தயங்காமல் சொல்லவேண்டும். கண் எப்போது, எதனால், காட்டிலா களத்திலா அடிபட்டது என்பதையும் சொல்லவேண்டும். இவற்றைக் கேட்டபின்தான் மருத்துவர் புண்ணைச் சுரண்டிப் பார்ப்பதா, உள்ளழற்சி என்று சொட்டு எழுதுவதா என்று தீர்மானிப்பார்.

உங்கள் நலம் நாடும்,
ஓய்வுபெற்ற கண் பரிசோதனை ஊழியன் ஒருவன்